எல்சி ஏறும் உயரம்

அன்று மழை பெய்தது என்றுதான் எனக்கு நினைவு. அடுத்த வீட்டு எல்சி, இல்லை என்கிறாள். வானம் வெளிறிக் கிடந்தது, ஒரு சொட்டுகூட விழவில்லை என்கிறாள். நான் ஓயாமல் எதையாவது படித்துக்கொண்டிருப்பவன். படித்ததையும் நடந்ததையும் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறேன் என்று என் மனைவி லீலா சொல்வதுண்டு. ஆகவே இதில் எவ்வளவு சரி என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. வண்டி எவ்வளவு இறங்கியது என்பதில் மட்டும் சந்தேகமில்லை. அதைப் பக்கத்தில் படுத்து, டார்ச் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

நார்மன் கோர்படியில் எங்களுக்கு அடுத்த வீடு. அவன் அப்பா சாயர்புரத்திலிருந்து ராணுவப் பணிமனை வேலைக்கு வந்தவர். நார்மனும் அங்கேயே சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, ஓய்வுபெற்றான். நான் வங்கியிலிருந்து ஓய்வுபெற்றேன். சாயங்காலங்களில் அவன் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் ஆளுக்கொரு பழைய டயர்மீது உட்கார்ந்திருப்போம். பேச்சு அதிகம் இருக்காது. நான் புத்தகத்தைப் புரட்டுவேன், அவன் வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்த வண்டி அறுபதுகளில் செய்த பிக்அப். ராணுவம் கழித்துக்கட்டியதை ஏலத்தில் எடுத்து, பல வருஷமாகத் தட்டி நிமிர்த்தினான். எதையும் மாற்றவில்லை என்பதுதான் அவன் பெருமை. ஒரு போல்ட் போனாலும் அதே காலத்துப் போல்ட்டைத் தேடி ஜுனா பஜார் பழைய இரும்புக் கடைகளில் ஞாயிறு ஞாயிறாக அலைவான். பழைய வண்டிகளின் ஊர்வலத்தில் வருஷா வருஷம் அதை ஓட்டிப்போவான். அன்றைக்கு மட்டும் சட்டையை இஸ்திரி போட்டிருப்பான்.

நார்மனின் மனைவி எல்சி குளியலறையில் விழுந்து இடுப்பு மூட்டை மாற்றிய பிறகு எல்லாம் சோர்ந்துபோயிற்று. தாழ்ந்த இருக்கையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் கார் இல்லை. ஆட்டோவில் ஒரு தடவை ஏற்றிப் பார்த்தார்கள். தெருமுனை தாண்டுவதற்குள் திரும்பிவிட்டாள். பிக்அப்பின் இருக்கை அவளுக்குச் சரியாக இருந்தது. நிமிர்ந்த, தட்டையான பலகை மாதிரி இருக்கை. ஆனால் அதில் ஏற வேண்டுமே. படி அவள் முழங்காலுக்கு மேலே இருந்தது. ஸ்டூல் போட்டோம். ஸ்டூல் ஒருபக்கம் சாய்ந்தது. அவள் கதவைப் பிடித்துத் தொங்கினாள். அதோடு ஸ்டூலை அவள் கண்ணில் காட்ட முடியவில்லை.

நானும் நார்மனும் தூக்கி வைக்கிறோம் என்று சொன்னபோது அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் என்ன ரேஷன் மூட்டையா அண்ணாச்சி? தெருவே பாக்கும்."

போக வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. தேஹு ரோடில் அவள் அக்கா ஜோசபின் படுக்கையில் கிடந்தாள். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. இனிமேல் வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஜோசபின் மகன் ஜேடன் வீடியோ போட்டுத் தருவான். ஆனால் ஜோசபின் போனை முகத்துக்கு நேரே பிடிக்கமாட்டாள், காதில் வைத்துக்கொள்வாள். திரையில் ஒரு காதும் கம்மலும் மட்டும் தெரியும். ஒரு வருஷத்துக்கு மேலாக எல்சி அந்தக் காதைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தாள். அக்காவின் முகத்தை நேரில் பார்த்துவிட வேண்டும், அவள் போவதற்குள். எல்சிக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஆம்புலன்ஸ் வைக்கலாம் என்று ஜேடன் சொன்னான். "ரெண்டு பேரும் படுத்துக்கிட்டா பாக்க?" என்று அவள் மறுத்துவிட்டாள்.

ஒருநாள் கொட்டகையில் வண்டியைப் பார்த்தபடியே நார்மன் சொன்னான், "வண்டிய எறக்கிரப் போறேன் வே."

"எதை இறக்கறது?"

"ஒடம்ப. நாலு விரல் எறங்குனா அவ தன்னால ஏறிக்கிடுவா. பாத்துட்டேன். வாசப்படி ஒயரம் அவளால முடியுது. அந்த ஒயரத்துக்குக் கொண்டாந்தாப் போதும்."

"ஒரிஜினல் போயிடுமேப்பா."

நான் கேட்டிருக்க வேண்டாம்.

இறக்குவது பெரிய காரியமில்லை. தேஹு ரோடில் ஜோசபின் வீட்டுக்குப் போகும் சந்துதான் பெரிய காரியம். ரயில் பாதையை ஒட்டிய மண்சந்து அது. மழை இரண்டு பக்கமும் அரித்து, நடுவில் கல்லும் மண்ணுமாக ஒரு முதுகு எழுந்து நிற்கும். ஜேடனே காரை மெயின் ரோட்டில் விட்டுவிட்டுத்தான் நடப்பான். தாழ்ந்த வண்டி அந்த முதுகில் வயிற்றை வைத்துவிடும். ஏறும் உயரம் குறைய வேண்டும், அடியில் இருக்கும் இடைவெளி குறையக் கூடாது. நார்மன் இதைச் சொன்னபோது நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

நார்மன் என்னை அடியில் படுக்கவைத்துக் காட்டினான். பின்சக்கரங்களை இணைக்கும் அச்சின் நடுவே பூசணிக்காய் மாதிரி ஒரு பற்சக்கரப் பெட்டி தொங்கியது. வண்டியில் தரைக்கு மிகப் பக்கத்தில் இருப்பது அதுதான். அச்சு சக்கரத்தோடு நிற்கிறது. மேலே இருக்கிற உடம்பு, அச்சுக்கு அடியில் கட்டியிருக்கும் ஸ்பிரிங் பட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது. முன்னாலும் பின்னாலும் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் ஓர் இரும்புக் கட்டையைச் செருகினால், கட்டையின் உயரத்துக்கு உடம்பு கீழே வரும். சக்கரமும் அச்சும் பூசணியும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

"கூட எறங்குறது சைலன்ஸரும் பெட்ரோல் டேங்கும்தான். அதை ரெண்டையும் மேல தூக்கிக் கட்டிட்டா, சந்துல பழைய வண்டி போன மாதிரியே போவும்."

"அப்போ எதுவுமே நஷ்டமில்லையா?"

அவன் அச்சுக்கு மேலே, உடம்பின் சட்டத்தில் பொருத்தியிருந்த ஒரு ரப்பர் கட்டையைத் தொட்டுக் காட்டினான். அதற்கும் அச்சுக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது.

"இதுதான் நஷ்டம். பள்ளத்துல எறங்குனா அச்சு மேல வர எடம் வேணும்லா. இந்த எடத்துலதான் குலுக்கல் எல்லாம் கரையுது. இப்போ இது பாதியாயிரும். காலி வண்டின்னா தாங்கும். அவ ஒருத்தி, நான் ஒருத்தன். அதுக்குப் போதும்."

அந்த வேலை ஒரு வாரம் நடந்தது. பழைய போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் துடைத்து, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினான். டேங்கை மேலே கொண்டுபோகச் சட்டத்தில் இரண்டு துளைகள் போட வேண்டியிருந்தது. துளையிடும் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பிறகு போட்டான்.

முடித்த அன்று எல்சியைக் கூட்டிவந்தான். அவள் வாக்கரை ஓரமாக வைத்தாள். வலது கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்தாள், ஒரு காலை வைத்தாள், திரும்பினாள், உட்கார்ந்துவிட்டாள். யாரும் தொடவில்லை. உட்கார்ந்தபடி கண்ணாடி வழியாகக் கொட்டகைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கா?" என்றான் நார்மன்.

"செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கணும்," என்றாள்.

ஜோசபின் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள் என்று மறுநாள் ஜேடன் போன் செய்தான். அதற்கு அடுத்த நாள் சனிக்கிழமை. தேஹு ரோடு தமிழ்க் கிறிஸ்தவ சபையில் அன்று அசனம். வருஷத்துக்கு ஒருமுறை சபையார் எல்லோரும் கூடி, அரிசியும் ஆட்டுக்கறியும் பொதுவாகச் சமைத்து, ஊரையே அழைத்துப் போடும் சாப்பாடு. ஊர்ப்பக்கத்துப் பழக்கத்தை இங்கேயும் விடாமல் வைத்திருந்தார்கள். நான் சபையைச் சேர்ந்தவனில்லை. ஆனாலும் வருஷம் தவறாமல் போய்ச் சாப்பிடுவேன்.

நார்மன் செய்த தவறு எங்கள் எல்லோருக்கும் முன்னால் நடந்தது. யாரும் அதைத் தவறாகப் பார்க்கவில்லை. அசனத்துக்கான பெரிய அண்டாக்கள் கோர்படி சபையில்தான் இருந்தன. அவற்றையும் கோர்படிக்காரர்கள் காணிக்கையாகக் கொடுக்கும் அரிசி மூட்டைகளையும் தேஹு ரோடுக்குக் கொண்டுபோவது நார்மன் வீட்டு வண்டி. அவன் அப்பா காலத்தில் வேறு ஏதோ வண்டி, இப்போது பிக்அப். யாரும் கேட்பதில்லை, அவனும் சரி என்று சொல்வதில்லை. அசனத்தன்று காலையில் சாமான் வாசலுக்கு வந்துவிடும். வண்டியை வெறுமையாக வைத்து அளந்து, வெறுமையாக வைத்துக் கணக்குப் போட்டவன், அந்தச் சனிக்கிழமையைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

எல்சி அப்போதே ஏறி உட்கார்ந்திருந்தாள். மூன்று அண்டாக்களும் கரண்டிகளும் மூட்டைகளும் வாசலில் இறங்கின. இறக்கியவர்கள் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, வண்டியைப் பார்த்து, "என்னண்ணே, குனிஞ்சு நிக்குது? ஹீரோ மாதிரி இருக்கு," என்று சிரித்தார்கள். நார்மன் பின்கதவைத் திறந்தான்.

நான் அவன் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டேன், "இதெல்லாம் ஏத்தணுமா?"

"அசனச் சாமானுக்கு எடம் இல்லன்னு சொல்லுத வாய் எனக்கு இல்ல வே."

மூட்டைகள் ஏற ஏற வண்டி பின்பக்கம் தாழ்ந்தது. எல்சி பக்கத்துக் கண்ணாடியில் அதைப் பார்த்தாள். எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அந்தக் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். நான் பின்னால் ஏறி, அண்டாக்களுக்கு நடுவே, மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்தேன்.

கட்கி வரை நல்ல சாலை. அதற்குப் பிறகு மேம்பாலங்கள். பாலத்தில் ஒவ்வோர் இணைப்பைத் தாண்டும்போதும் அடியில் டொக் என்று ஒரு சத்தம். ரப்பரில் அச்சு முட்டும் சத்தம். அண்டாக்கள் மணி மாதிரி அதற்குப் பதில் சொல்லின. டொக், ணங். டொக், ணங். நான் ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். பின்கண்ணாடி வழியே எல்சியின் முதுகு தெரிந்தது. முதலில் நேராக இருந்தது. பிம்ப்ரி தாண்டும்போது ஒருபக்கம் சாய்ந்தது. சிஞ்ச்வடில் அவள் இரண்டு கையாலும் முன்னால் இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தலையைக் கைகளின்மேல் வைத்திருந்தாள். நான் கண்ணாடியைத் தட்ட வேண்டும் என்று நினைத்தேன். தட்டினேனா என்பது நினைவில்லை. தட்டவில்லை என்றுதான் தோன்றுகிறது.

நிக்டியில், மூடியிருந்த ஒரு டயர் கடை முன்னால் நார்மன் ஓரம் கட்டினான். இறங்கிப் பின்பக்கம் வந்தான்.

"எறங்கும் வே."

"ஏன்?"

"சாமான எறக்கணும்."

எல்சி உள்ளேயிருந்து தலையைத் திருப்பினாள். "என்ன செய்யுதீங்க? அங்க அடுப்ப மூட்டிட்டு நிப்பாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. ஓட்டுங்க."

"கண்ணாடில ஒம் மூஞ்சியப் பாத்துக்கிட்டுதான் வாரேன்."

"சபைல என்ன சொல்லுவாங்க?"

"சொல்லட்டும்."

"ஒங்க அப்பா காலத்துலருந்து..."

"அப்பா எங்க அம்மைய இப்பிடி ஒக்கார வச்சுக் கூட்டிட்டுப் போகல," என்றான். பிறகு குரலைத் தணித்து, "கொஞ்சம் சும்மா இரு எல்சி," என்றான்.

இரண்டு பேரும் மூட்டைகளை இறக்கினோம். இரண்டு கிழவர்களுக்கு அது எளிதாக இல்லை. மூச்சு வாங்கியது. கடைசி அண்டாவை இறக்கியதும் வண்டி பின்பக்கம் மெல்ல எழுந்தது. அவன் குனிந்து அடியில் பார்த்தான்.

"அவள விட்டுட்டு ஒடனே வந்து எடுத்துக்கிடுதேன். இங்கயே இரும். பொஸ்தகம் இருக்குல்லா?"

"இருக்கு."

வண்டி போயிற்று. சத்தமில்லாமல் போயிற்று என்று எனக்கு நினைவு.

நான் டயர் கடையின் படியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் மூன்று அண்டாக்கள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் உட்காரலாம். அரிசி மூட்டைகள் சுவரில் சாய்ந்திருந்தன. ஸ்கூட்டரில் வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்து, "காகா, கேட்டரிங் கா?" என்றார். இல்லை என்றேன். மகளுக்கு நிச்சயதார்த்தம், நூறு பேர்தான், நம்பராவது கொடுங்கள் என்றார். நான் சமையல்காரன் இல்லை என்று எனக்குத் தெரிந்த மராத்தியில் சொன்னேன். அவர் அண்டாக்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நம்பாமல் போனார்.

பிறகு மழை வந்தது. கடைக்கு முன்னால் கூரை கிடையாது. நான் ஒவ்வோர் அண்டாவாக உருட்டி வந்து மூட்டைகள்மேல் கவிழ்த்தேன். புத்தகத்தையும் ஒன்றின் அடியில் வைத்தேன். இதைத்தான் எல்சியிடம் சொல்வேன். வெயிலுக்கு யாராவது அண்டாவைக் கவிழ்ப்பார்களா? நிக்டியில் பெய்து தேஹு ரோடில் பெய்யாமல் இருந்திருக்கலாம். அவள் தலையாட்டிவிட்டு விட்டுவிடுவாள்.

நார்மன் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. ஜேடன்தான் கூப்பிட்டான். அவன் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை செய்கிறவன், அந்த வருஷ அசனத்துக்கு அவன்தான் பொறுப்பு.

"அங்கிள், அண்டா பர்த்தன் எல்லாம் எங்க? அடுப்பு எல்லாம் ரெடி. போதகர் ஐயர் கேக்கறார், நான் என்ன சொல்ல?"

"நிக்டியில் இருக்கு. நானும் இருக்கேன்."

"நிக்டியில ஏன்?"

"உங்க சித்திக்கு இடுப்பு," என்று ஆரம்பித்தேன். அவன் காத்திருந்தான். நான் முடிக்கவில்லை. நார்மன் வண்டியைத் தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டான்.

அங்கே நடந்தது நார்மனும் ஜேடனும் சொல்லி எனக்குத் தெரியும். வெறும் வண்டி சந்தில் ஏறியது. நடு முதுகைத் தாண்டும்போது அடியில் ஒரு கல்கூட உரசவில்லை. வாசலில் எல்சி தானாக இறங்கினாள், வாக்கரோடு உள்ளே போனாள். ஜோசபின் கண்ணைத் திறந்து பார்த்து, "இந்தச் சேலை என்னுது," என்றாளாம். "நீதான் குடுத்த," என்றாளாம் எல்சி. "இரவலாக் குடுத்தேன்," என்றாளாம். பிறகு எதில் வந்தாய் என்று கேட்டிருக்கிறாள். பிக்அப்பில் என்றதும், அவ்வளவு உயரத்தில் எப்படி ஏறினாய் என்று நம்பாமல், தனக்குக் காட்டச் சொல்லியிருக்கிறாள். வாரக்கணக்கில் கட்டிலைவிட்டு இறங்காதவள். நார்மன் பிடித்துக்கொள்ள, வாசலுக்கு வந்து, படியில் காலை வைத்து, அவளும் ஏறிவிட்டாள். எல்சி அந்தப் பக்கம் சுற்றிவந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஜோசபின் இறங்க மறுத்துவிட்டாள். இரண்டு கதவும் திறந்திருந்தன. வண்டி நகரவில்லை, அதனால் யாருக்கும் வலிக்கவுமில்லை. ரயில் போவதைப் பார்த்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நார்மன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றான். ஜேடன் கோபமாகச் சந்துக்குள் வந்திருக்கிறான். "சித்தப்பா, முந்நூறு பேருக்கு..." என்று தொடங்கியவன் தன் அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்தான். பிறகு ஒரு டெம்போவுக்குப் போன் செய்துகொண்டே திரும்பி நடந்தான்.

டெம்போ என்னிடம் வர மதியம் கழிந்துவிட்டது. நாங்கள் சபை வளாகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தைகளுக்குப் பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து காத்திருந்த முதியவர்கள் சிலர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பொழுது சாயும்போதுதான் பந்தி தொடங்கியது. சோறு குழைந்திருந்தது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. நார்மனின் பெயரைச் சொல்லாமல் பேசினார்கள். "வாக்கு குடுத்தா நிக்கணும்," என்று செயலர் பொதுவாக யாரிடமோ சொன்னார். வாக்கு என்று எதுவும் கொடுக்கப்படவில்லை என்று சொல்ல நினைத்தேன். கையில் இலை இருந்தது.

அக்காவும் தங்கையும் வண்டியில் உட்கார்ந்திருந்தது எனக்குக் கண்ணில் நிற்கிறது. ஜோசபினின் காது, கம்மல், பிறகு அவள் மறுபக்கம் திரும்பியபோது தெரிந்த முழு முகம். ஆனால் நான் சந்துக்குப் போனபோது ஜோசபினை உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டார்கள் என்று நார்மன் சொல்கிறான். அவன் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

திரும்பி வரும்போது மூவரும் முன்னால் உட்கார்ந்தோம். பாலத்தின் இணைப்புகளில் வண்டி மெதுவாக ஏறி இறங்கியது.

"முட்டுதா?" என்று நார்மன் கேட்டான்.

"இல்ல," என்றாள் எல்சி.



ஜோசபின் அந்த டிசம்பரில் இறந்தாள். அடக்கத்துக்கு எல்சி அதே வண்டியில் போய், சந்தில் இறங்கி, கல்லறைவரை வாக்கரோடு நடந்தாள். அசனப் பாத்திரங்கள் இப்போது வாடகை டெம்போவில் போகின்றன. நார்மனை யாரும் கேட்பதில்லை, அவனும் அசனத்துக்குப் போவதில்லை. பழைய வண்டிகளின் ஊர்வலத்தில் அடுத்த வருஷம் அடியில் குனிந்து பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். ஜேடன் மாற்றல் வாங்கிக்கொண்டு ஜபல்பூருக்குப் போய்விட்டான். எல்சி வீட்டுக்குள் நடமாடுகிறாள், வெளியே போக வேண்டிய இடம் இல்லை என்கிறாள். நார்மனுக்குக் கண் மங்கிவிட்டதால் ஓட்டுவதில்லை. வண்டி கொட்டகையில் தாழ்ந்தபடியே நிற்கிறது, பிஸ்கட் டின்னை அவன் திறக்கவில்லை. லீலாவும் நானும் அதே அடுத்த வீட்டில் இருக்கிறோம்.